நூற்று எண்பத்திரண்டாவது கண்ணி

கோரின் கையால் பின்னிய கம்பளி உடுப்பைப் போடாத உயிர்கள் வெர்மான்ட் மாநிலத்து அந்தச் சிற்றூரில் இரண்டே இரண்டு. ஒன்று, கம்பளித் திருவிழாவுக்கு வருடா வருடம் வரும் லாமா என்ற நீண்ட கழுத்து விலங்கு. யார் கிட்டப் போனாலும் துப்பும். மற்றொன்று, ஒன்பது வருடமாக அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் வெண்டல்.

மற்ற எல்லோருக்கும் பிறந்தநாள் வந்தால் கூடவே ஸ்வெட்டரும் வந்துவிடும். அக்கா மார்கோவுக்கு இதுவரை இருபத்தெட்டு. மார்கோவின் கணவன் லயலுக்குப் பதினேழு. தபால்காரருக்கு ஒன்று, பல் டாக்டருக்கு ஒன்று. பாதிரியாரின் மூன்று கால் பூனைக்குக்கூட ஒன்று, நாலாவது காலுக்கான ஓட்டையை மறக்காமல் அடைத்து. வெண்டல் ஓட்டும் பள்ளிக்கூடப் பஸ்ஸின் கியர் தடிக்குக் கம்பளி உறை உண்டு. அவன் காபி பிளாஸ்குக்கு உறை உண்டு. அவன் உட்காரும் சீட்டுக்கு உறை உண்டு. வெண்டலைச் சுற்றியிருந்த எல்லாமே கதகதப்பாக இருந்தன, வெண்டலைத் தவிர. அவன் கடையில் வாங்கிய நைலான் ஜாக்கெட் ஒன்றில், நடந்தால் சரசரவென்று சத்தம் வர, குளிர்காலங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

காரணம், சாபம். பின்னுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சாபம்தான். கல்யாணத்துக்கு முன்னால் காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னினால் அவன் போய்விடுவான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கோரினிடம் சாட்சி இருந்தது, அதுவும் இரண்டு. முதல் ஆள் ஜெரார்ட், ஸ்வெட்டரின் இரண்டாவது கை முழங்கை வரை வந்தபோது போனான். அந்த நூலைப் பிரித்து மூன்று தொப்பி பின்னினாள். இரண்டாவது ஆள் டாட், ஸ்வெட்டர் முடிந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டே போனான். அதே ஸ்வெட்டரில் இன்னொருத்தியோடு நிச்சயதார்த்தப் படம் எடுத்து உள்ளூர்ப் பத்திரிகையிலும் போட்டான். படத்தில் தோள்பட்டை அவ்வளவு கச்சிதமாக விழுந்திருந்தது. அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

வெண்டல் மூன்றாவது ஆள். அவனை வைத்துச் சோதித்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. ஒரு சாக்ஸ்கூடப் பின்னித் தரவில்லை. சாக்ஸ் என்றால் இன்னும் மோசம், அப்படியே நடந்து போய்விடுவான்.

"அப்ப கல்யாணம் பண்ணித் தொலையேன்டீ" என்பாள் மார்கோ.

"அவன் கேக்கணும்ல?"

"நீ கேளு."

"கேட்டு, அவன் திருதிருன்னு முழிச்சா நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கறது?"

பேச்சு வருடத்துக்கு நான்கு முறை இந்த இடத்தில் வந்து நிற்கும்.

அந்த வருடம் திருவிழாச் சனிக்கிழமையும் வெண்டலின் ஐம்பதாவது பிறந்தநாளும் ஒரே நாளில் வந்தன. காலை ஆறு மணிக்கு லாரியில் ராட்டையை ஏற்றிக்கொண்டே கோரின் கேட்டாள். "அம்பது வயசுக்காரரே, என்ன வேணும் உனக்கு? எது வேணா கேளு."

வெண்டல் யோசித்தான். எதற்கும் யோசிக்கிறவன் அவன். பஸ் பிள்ளைகள் அவனிடம் "ஹலோ" சொல்லிவிட்டுப் பதிலுக்கு இரண்டு நிறுத்தம் காத்திருப்பார்கள்.

"சூடா ஏதாவது" என்றான்.

"காபி வாங்கித் தரேன்" என்றாள் அவள் அவசரமாக.

அவன் சிரித்தான். ஆனால் அது கண்வரை போகவில்லை. பாதி வழியில், சிவந்து நின்ற மேப்பிள் மரங்களைப் பார்த்தபடி அவன் சொன்னான். "அரிசோனால இருக்குற என் தங்கச்சி கூப்பிடறா. இந்தக் குளிர்காலம் அங்க போய் இருக்கலாமான்னு பாக்கறேன். அங்க குளிரே கிடையாதாம்."

"எப்ப திரும்பி வருவ?"

முன்னால் ஒரு டிராக்டர் வந்தது. அதைத் தாண்டிப் போவதில் வெண்டல் மும்முரமானான். கோரின் மடியிலிருந்த நூல் உருண்டையைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினாள். ஸ்வெட்டரே பின்னாமல் ஒருத்தன் போய்விட்டால் அதற்கு என்ன சாபம்?

மைதானம் ஒன்பது மணிக்கே அமளிப்பட்டது. ஆப்பிள் சாறு டோனட்டுக்கு ஒரு வரிசை, ஆட்டுக்கறி சாசேஜுக்கு ஒரு வரிசை, கழிப்பறைக்கு இரண்டையும் சேர்த்தாற்போல் ஒரு வரிசை. முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, ஸ்வெட்டர் கையை மடித்து உள்பக்கத்துப் பின்னலைப் பார்த்துத் தலையாட்டினார்கள். வெண்டலின் நைலானைப் பார்த்தவர்கள் மட்டும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். போன வருடம் ஒரு அம்மாள் அவன் தோளைத் தொட்டு, "உங்களுக்குன்னு யாரும் இல்லையா தம்பி?" என்று கேட்டே விட்டாள். அவன் கோரினைக் கைகாட்டியதும் அந்த அம்மாள் கோரினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

திருவிழாவின் உச்சம், 'முதுகுக்கு முதுகு' போட்டி. காலையில் ஆட்டின் முதுகில் இருக்கும் ரோமம், அன்றைக்கே ஒரு மனிதனின் முதுகில் ஸ்வெட்டராக ஏறவேண்டும். கத்தரிக்க ஒருவர், சீவி நூற்றுப் பின்ன ஏழு பேர், போட்டுக்கொள்ள ஒருவர். யார் ஆள் முதலில் முழு ஸ்வெட்டரோடு எழுந்து நிற்கிறாரோ அந்த அணிக்கு வெற்றி. அக்கா தங்கையின் அணி ஆறு வருடமாக இரண்டாவது. ஆறு வருடமும் முதலில் வந்தது எட்னாவின் அணி.

எட்னா ஊராட்சி எழுத்தர். நாய் உரிமம், நிலப் பத்திரம், கல்யாண அனுமதி எல்லாம் அவள் கையெழுத்தில்தான். கல்யாணம் செய்துவைக்கும் அதிகாரமும் அவளிடமே இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை அவளிடம் பயப்படாதவர்கள் இல்லை. சனிக்கிழமை ராட்டையில் உட்கார்ந்தால் இன்னும் பயம்.

"இந்த வருஷமாவது கொஞ்சம் கிட்ட வாங்கடீ" என்று எட்னா, அணிகளைப் பிரித்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கூவினாள். "ஜெயிச்சுட்டு ஒரு மணி நேரம் உங்களையே பாத்துட்டு உக்காந்திருக்க போரடிக்குது."

"பேசிட்டே இரு எட்னா, நூல் அறுந்துரும்" என்றாள் மார்கோ.

விசில் ஒலித்தது. ஆடு கத்தியது. ஏழு பேரும் அதற்கு மேல் கத்தினார்கள்.

மதியம் வரை எல்லாம் நன்றாகவே போனது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் முடிந்தன. ஸ்வெட்டரின் இடது கை கோரினிடமும் வலது கை மார்கோவிடமும் வந்தன. ஒன்றரை மணிக்கு லயல், போட்டுக்கொள்ளும் ஆள், அன்று முழுக்க ஒரே வேலை சும்மா உட்கார்ந்திருப்பது என்று இருந்தவன், சும்மா இருக்க முடியாமல் ஆப்பிள் சாறு பீப்பாய் ஒன்றைத் தூக்கப்போனான். 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் வைக்கோலில் மல்லாந்து கிடந்தான்.

"என்னய்யா ஆச்சு?" என்று மார்கோ ஊசியை விடாமல் கேட்டாள்.

"முதுகு" என்றான் லயல் வானத்தைப் பார்த்து.

"உன்கிட்ட இன்னைக்கு நாங்க கேட்டதே ஒண்ணே ஒண்ணுதான்! அந்த முதுகு!"

"கையத் தூக்க முடியல மார்கோ."

"அப்ப ஸ்வெட்டர எப்படி மாட்டறது? உருட்டியா?"

முதலுதவிக்காரர்கள் வந்து, உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் அசைக்கக்கூடாது என்றார்கள். லயல் டோனட் கேட்டான். படுத்தபடியே தின்றான். மார்கோ அணிகளின் பெயர்ப் பலகைக்குப் போய், லயல் பெயரைக் கோடு போட்டு அடித்து, பெரிய எழுத்தில் எழுதினாள்: வெண்டல்.

கோரினின் ஊசி நின்றது.

"அழி அத" என்றாள்.

"வேற யாருக்குடீ லயல் அளவு உடம்பு இருக்கு? இருக்கறது வெண்டல் ஒருத்தன்தான்."

"அழின்னு சொல்றேன்ல! அவனுக்கு நான் பின்ன மாட்டேன். உனக்குத் தெரியும்."

விஷயம் கயிறு தாண்டிப் பரவியது. பார்க்க வந்த கூட்டம் முழுவதும் பின்னுகிறவர்கள். ஆளுக்கொரு சட்டம் பேசினார்கள்.

"ஏழு பேர் சேந்து பின்னினா சாபத்த ஏழால வகுக்கணும்" என்றாள் மஞ்சள் சால்வைக்காரி ஒருத்தி. "ரெண்டு மாசம் போயிட்டுத் திரும்பி வந்துருவான்."

"மத்த ஆறு பேரும் அவன காதலிக்கலையே! சாபம் முழுசா இவமேலதான் விழும்."

"முழு ஸ்வெட்டரா இவ பின்னினா? கைதானே பின்றா?"

"கைன்னா ரொம்பத் தப்பு. கையாலதானே டாட்டா காட்டுவான்?"

"என் மச்சினி கையில்லாத ஸ்வெட்டர்தான் பின்னிக் குடுத்தா. அந்த ஆளு அலாஸ்கா போயிட்டான்."

இத்தனைக்கும் நடுவில் வெண்டல் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. அவன் ஏதோ சொல்லப்போகிறான் என்பது கோரினுக்குத் தெரிந்தது. போட்டி நடுவில் அணியைக் கைவிடவும் முடியாமல் அவள் பயந்துகொண்டே பின்னினாள். பயத்தில் நூலை இழுத்து இழுத்துப் பின்னினாள். இடது கை பலகைபோல் இறுகிக்கொண்டே வந்தது.

"இதுக்குத்தானா?" என்றான் கடைசியில். "ஒம்பது வருஷமும்?"

"வேற எதுக்கு? நீ போயிடக் கூடாதுன்னுதான்!"

"நான் என்ன நெனச்சேன்னா..." என்று ஆரம்பித்து அவன் தலையைச் சொறிந்தான். "எனக்குப் பின்ற அளவுக்கு உனக்கு என்னப் பிடிக்கலன்னு நெனச்சேன். பூனைக்குக்கூடப் பின்னின. நான் கேட்டப்பவும் வேணாம்னுட்ட."

"எத வேணாம்னேன்?"

"கல்யாணத்த."

கூட்டத்தில் பின்னிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. கயிற்றுக்கு அந்தப் பக்கம் எட்னாவின் ராட்டை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீ எப்ப கேட்ட?" என்றாள் கோரின்.

"ஏழு வருஷம் முன்னாடி. ஜனவரி மாசம், அடுப்புப் பக்கத்துல. நீ அந்தப் பெரிய பச்சைப் போர்வை பின்னிட்டிருந்த. நான் கேட்டேன். நீ இப்படி விரலத் தூக்கின." அவன் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினான். "தூக்கிட்டு, நூத்தி எண்பத்தி ரெண்டுன்னு சொன்ன."

கூட்டத்தில் நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றார்கள். அந்த விரலை எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தூக்கியிருக்கிறார்கள். ஊசியில் ஏறிய கண்ணிகளை எண்ணும்போது அந்த விரல் தூக்கப்பட்டால் வீடு பற்றி எரிந்தாலும் யாரும் பேசக்கூடாது.

"நான் எண்ணிட்டிருந்தேன்டா!" என்று கோரின் அலறினாள். "எண்ணும்போது எனக்கு ஒண்ணும் காதுல ஏறாது! அந்தப் போர்வைல வரிசைக்கு முந்நூத்தி பன்னெண்டு கண்ணி!"

"எனக்கென்ன தெரியும்? பொறு, யோசிக்கணும்னு சொல்றன்னு நெனச்சேன். சரி, யோசிக்கட்டும்னு விட்டேன்."

"ஏழு வருஷமா?"

"நீ எண்ணி முடிச்ச மாதிரியே தெரியலையே" என்றான் வெண்டல்.

வைக்கோலில் கிடந்த லயல் சிரித்தான். சிரித்ததும் முதுகு பிடித்து "அம்மா!" என்றான். மார்கோ அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் வலது கையிலேயே மூக்கைத் துடைக்கப்போய்க் கடைசி நொடியில் நிறுத்திக்கொண்டாள்.

"அரிசோனாவுக்கும் இதுதான் காரணமா?" என்று கோரின் கேட்டாள்.

"அம்பது ஆச்சு. எங்கயாவது கொஞ்சம் சூடா இருக்கலாம்னு பாத்தேன்."

"இப்ப கேளு."

"இப்ப எண்ணலையா?"

"எண்ணிட்டுத்தான் இருக்கேன். முப்பத்தி நாலு. கேளு, காது ரெண்டும் திறந்துதான் இருக்கு."

வெண்டல் கோப்பையைக் கீழே வைத்தான். யோசித்தான். மஞ்சள் சால்வைக்காரி தாங்கமாட்டாமல் பக்கத்தில் நின்ற லாமாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அதிசயமாக அது துப்பவில்லை.

"என்னக் கல்யாணம் பண்ணிக்கறியா கோரின்?"

"பண்ணிக்கறேன். ஸ்வெட்டர் முடியறதுக்குள்ள."

இப்போது மணி இரண்டே முக்கால். கைகளை முடித்து, இணைத்து, கழுத்துப் பட்டை போட நாற்பது நிமிடம் ஆகும். கடைசிக் கண்ணி முடிவதற்குள் கல்யாணம் நடந்திருந்தால் சாபத்துக்கு வேலை இல்லை. இதில் கூட்டத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வெர்மான்ட் சட்டப்படி அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்கத் தேவையும் இல்லை. ஒரே ஒரு சிக்கல்தான். சீட்டு எழுத வேண்டியவள் எதிரணியில் நூற்றுக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் எட்னாவைப் பார்த்தார்கள்.

"பாக்காதீங்க" என்றாள் எட்னா. "எங்க கழுத்துப் பட்டைக்கு இன்னும் நூல் பத்தல. நான் எந்திரிச்சா தோத்தோம்."

"எட்னா!" என்றது கூட்டம்.

"சனிக்கிழமை ஆபீஸ் லீவு!"

"எட்னா!" என்றது அவளுடைய சொந்த அணி.

அவள் பெருமூச்சு விட்டாள். காலை மட்டும் ராட்டை மிதியிலிருந்து எடுக்கவில்லை. "என் கூடைல சாவி இருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் ஆபீஸ். ரெண்டாவது டிராயர், நீல ஃபாரம். வெண்டல், ஓடு. நாய் உரிமத்த எடுத்துட்டு வந்துடாத, அதுவும் நீலம்தான்."

வெண்டல் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. நைலான் சரசரக்க, டோனட் வரிசையை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்தான். நாய் உரிமத்தைத்தான் கொண்டுவந்திருந்தான். மறுபடி ஓடினான்.

சரியான ஃபாரம் வந்தபோது மூன்று பத்து. மார்கோ வலது கையின் மேல்பாதியை, இடது கையை முடித்துவிட்ட கோரினிடம் தள்ளிவிட்டு, எழுதும் வேலையை எடுத்துக்கொண்டாள். எட்னா ராட்டையை மிதித்துக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"மாப்பிள்ள பிறந்த தேதி?"

"இன்னைக்கு" என்றான் வெண்டல், மூச்சு வாங்க.

"வருஷத்தச் சொல்லுய்யா, இல்லாட்டி ஒரு நாள் குழந்தைக்குக் கல்யாணம் பண்ணிவெச்சேன்னு என்னப் பிடிச்சு உள்ள போட்ருவாங்க! பொண்ணோட அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பேர்?"

"அறுபத்தி ரெண்டு" என்றாள் கோரின்.

"எழுதிராத மார்கோ! உங்க அம்மா பேரு உனக்கே தெரியும்ல, எழுது" என்றாள் எட்னா.

சிரிப்பு ஒரு தொற்றுபோல இரண்டு அணிகளிலும் பரவியது. கோரினுக்குக் கை காற்றில் மிதந்தது. நூல் வழுக்கிக்கொண்டு ஓடியது. வலது கை தானாக நீண்டது, கழுத்துப் பட்டை தானாகச் சுற்றியது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கோரின் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு போட்டாள்.

மூன்று இருபத்தெட்டுக்குக் கழுத்துப் பட்டையில் முடிக்க வேண்டிய கண்ணிகள் பன்னிரண்டு. கயிற்றுக்கு அந்தப் பக்கமும் அதே நிலைமை. எட்னாவின் ராட்டையிலிருந்து வந்த நூல் நேரே அவர்கள் ஊசிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வேகமா சொல்லு எட்னா" என்றாள் மார்கோ.

"வெண்டல், இவளக் கல்யாணம் பண்ணிக்க உனக்குச் சம்மதமா?"

வெண்டல் வாயைத் திறந்தான். பிறகு யோசித்தான்.

"இதுக்குமா யோசிப்ப!" என்று மார்கோ கத்தினாள். "அவங்க அஞ்சு கண்ணில இருக்காங்க!"

"ஒரு வார்த்த சேத்துச் சொல்லலாம்னு..."

"அப்புறமா சேத்துக்கோ!"

கோரினின் ஊசியில் ஒரே ஒரு கண்ணி மிச்சம். அதை முடித்து அவன் தலையில் மாட்டிவிட்டால் இந்த ஏழாவது வருடமாவது வெற்றி. எதிரே மூன்று, எதிரே இரண்டு. மார்கோ தங்கையின் முழங்கையை இடித்தாள். கோரின் ஊசியை மடியில் வைத்தாள். அந்தக் கடைசிக் கண்ணி திறந்த வாயோடு அவள் விரல் நுனியில் நின்றது. அவள் எண்ணவில்லை. அவனைப் பார்த்தாள்.

"உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கோ" என்றாள்.

அவன் எடுத்துக்கொண்டான். அதற்குள் எதிரணி ஆள் முழு ஸ்வெட்டரோடு எழுந்து நின்று, கைகளை விரித்து, விசிலும் ஊதியாயிற்று. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்த ஆள் மெதுவாகக் கையை இறக்கிவிட்டு அவனும் பார்த்தான்.

"சம்மதம்" என்றான் வெண்டல். "ஏழு வருஷமாவே சம்மதம். நீ எண்ணி முடிக்கற வரைக்கும் நின்னுட்டிருந்தேன், அவ்வளவுதான்."

"எனக்கும் சம்மதம்!" என்று எட்னா கேட்பதற்கு முன்பே கோரின் கத்தினாள்.

"ஆச்சு, ஆச்சு, நீங்க புருஷன் பொண்டாட்டி" என்றாள் எட்னா. போட்டி முடிந்தும் மிதித்துக்கொண்டே இருந்த அவள் நூல் அப்போதுதான் அறுந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்ததால்.

கோரின் கடைசிக் கண்ணியை முடித்து நூலை நறுக்கினாள். வெண்டல் நைலானைக் கழற்றி வைக்கோலில் எறிந்தான். அது லயல் மேல் விழுந்தது. ஸ்வெட்டர் அவன் தலைக்கு மேலே போய்க் கீழே இறங்கியது. ஆட்டு வாடை மூக்கைத் துளைத்தது. அங்கங்கே வைக்கோல் துணுக்கும் நூலோடு சேர்ந்து வந்திருந்தது. இடது கை, பயந்துகொண்டே பின்னியது, சின்னப் பையனின் கால்சட்டைப் பையில் கையை விட்டாற்போல் இறுக்கமாக, மணிக்கட்டுக்கு மூன்று விரல்கடை மேலேயே நின்றுவிட்டது. வலது கை, அதற்குப் பிறகு பின்னியது, தளர்ந்து, விரல் நுனிகளையும் தாண்டித் தொங்கியது. இரண்டிலும் கண்ணிக் கணக்கு ஒன்றுதான்.

கூட்டம் பிரிந்து டோனட் வரிசைக்குத் திரும்பியது. மஞ்சள் சால்வைக்காரி போகிறபோக்கில் வெண்டலின் கையைப் பிடித்து, உள்பக்கத்தை மடித்துப் பார்த்துத் தலையாட்டினாள். அவனை யாரும் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் முறை. அவன் நாலு பேருக்கு, கேட்காமலேயே, மறுகையையும் மடித்துக் காட்டினான்.

எட்னாவின் அணி பரிசுக் கோப்பையில் ஆப்பிள் சாறு ஊற்றிக் கொடுத்தனுப்பியது. ஐம்பது மெழுகுவத்தி கிடைக்காமல் மார்கோ ஒரு டோனட்டில் ஒற்றைத் தீக்குச்சியை நட்டுக் கொண்டுவந்தாள். ஊதுவதற்கு முன்பே காற்று அணைத்தது.

"அரிசோனா?" என்று கோரின் கேட்டாள். சும்மா கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"இதப் போட்டுக்கிட்டா?" என்றான் வெண்டல். "வெந்து செத்துருவேன்."

அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். பிறகு பின்னுகிறவள் புத்தி போகாமல் அவன் இடது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கை ரொம்ப அசிங்கமா இருக்கு. கழட்டு. வீட்டுக்குப் போற வழியிலயே பிரிச்சு, நாளைக்குள்ள புதுசா..."

வெண்டல் ஆள்காட்டி விரலைத் தூக்கினான். வலது கையின் விரல் என்பதால் அது கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள்தானே. கோரின் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் ஒரு டோனட்டை, அவசரமே இல்லாமல், தின்று முடித்தான்.